ஓடிய தூரம்

விற்பனைக்கு வந்திருக்கும் ஒரு காரின் முன்பலகையில் 3,12,000 என்ற இலக்கம் நிற்கிறது. கிலோமீற்றர் கணக்கு. பூமத்திய ரேகையை ஏழு முறை சுற்றி, எட்டாவது சுற்றிலும் பெரும்பகுதியை முடித்த தூரம். கார் 1994ஆம் ஆண்டின் மஸ்டா மியாட்டா: இரண்டே ஆசனங்கள், மடித்துவிடக்கூடிய துணிக்கூரை, 1.8 லீற்றர் எஞ்சின், வேண்டும்போது இமை திறந்து எழும்பும் முன்விளக்குகள். ரொறொன்ரோவின் கிழக்குப் பக்கத்தில் ஒரு வீட்டு வாசலில் அது நிற்கிறது. கேட்கிற விலை என் கைக்கு எட்டாததல்ல. வாங்குவதா விடுவதா என்பது இரண்டு வாரமாக எனக்குள் நடந்துகொண்டிருக்கும் வழக்கு.

இதையெல்லாம் இந்தப் பக்கங்களில் எழுதுவதா என்று கேட்கக்கூடியவர்கள் நம்மிடையே உண்டு. மரணம், மொழி, தனிமை ஆகியவற்றுக்கு மட்டுமே சிந்திக்கப்படும் தகுதி உண்டு என்று எழுதப்படாத சட்டமொன்றை நாம் வைத்திருக்கிறோம். எனக்கோ, தன் ஆசையையும் தன் அறியாமையையும் ஒருவன் அருகருகே வைத்துப் பார்க்க நிர்ப்பந்திக்கப்படும் சந்தர்ப்பங்கள் மிகக் குறைவு என்றும், அத்தகைய சந்தர்ப்பம் எந்த உருவில் வந்தாலும் அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது என்றும் தோன்றுகிறது.

முதலில் அந்த இலக்கம். அது எதை எண்ணுகிறது? கியர்ப் பெட்டியிலிருந்து வெளிவரும் தண்டு சுழன்றதை மட்டும். 401 நெடுஞ்சாலையில் மொன்றியல் வரை ஒரே கதியில் போய்த் திரும்பிய ஆயிரம் கிலோமீற்றரும், பனிக்காலக் காலைகளில் ஒயில் தடித்துக் கிடக்கும்போதே முடுக்கப்பட்டு, எஞ்சின் சூடேறு முன் சந்திக்கடை வாசலில் நிறுத்தப்பட்ட ஆயிரம் கிலோமீற்றரும் அதற்கு ஒன்றுதான். முந்தியது எஞ்சினுக்கு உலாத்தல், பிந்தியது சித்திரவதை. இலக்கம் இரண்டையும் ஒரே முகத்தோடு சொல்கிறது. சில வேளை அதையும் சொல்வதில்லை. 1980களின் ஜெர்மன் கார்கள் பலவற்றில் – போர்ஷே 944 அவற்றிலொன்று – இலக்கத்தைச் சுழற்றும் சின்னஞ்சிறு பிளாஸ்ரிக் பற்சில்லு வயதானதும் நொறுங்கிவிடும். கார் ஓடிக்கொண்டிருக்கும், இலக்கம் நின்றுவிடும். இலக்கத்தைப் பின்னோக்கித் திருப்பி விற்கிறவர்களுக்கு எதிராக அமெரிக்காவில் 1972இல் மத்திய அரசாங்கம் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. இவ்வளவு பலவீனமான சாட்சியின் மேல்தான் சந்தை தன் விலையைக் கட்டியெழுப்புகிறது.

குறைவாக ஓடிய கார் நல்ல கார் என்பதும் இந்தச் சாட்சியை மிதமிஞ்சி நம்பியதன் விளைவு. ஓடாமல் நிற்கும் காரில் றப்பர் வளையங்கள் காய்ந்து வெடிக்கின்றன. தாங்கியில் பெற்றோல் கெடுகிறது. பிரேக் திரவம் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது. ரயர்கள் ஒரே இடத்தில் நின்று நின்று உருக்குலைகின்றன. பாவனையின் தேய்மானம் போலவே பாவனையின்மைக்கும் ஒரு தேய்மானம் உண்டு. அதை எண்ணும் மானியைத்தான் யாரும் முன்பலகையில் பொருத்தவில்லை. அதுவும் இது ஓட்டுவதற்கென்றே செய்யப்பட்ட கார். எம்ஜிபி, ட்ரயம்ப் ஸ்பிற்ஃபயர் போன்ற ஆங்கிலேயத் திறந்த கார்கள் 1980இல் உற்பத்தி நின்றுபோன பிறகு, அந்த வகையை எடுத்து, அதனோடு கூடப்பிறந்த ஒயில் ஒழுக்கையும் மின்சாரக் கோளாறுகளையும் கழித்துவிட்டு, 1989இல் சிக்காகோ கண்காட்சியில் மஸ்டா முன்வைத்தது. குதிரையும் அதன்மேல் இருப்பவனும் ஓருடலாகிற நிலை என்று பொருள்படும் ஒரு ஜப்பானியச் சொற்றொடரை அதன் வடிவமைப்பாளர்கள் தங்கள் இலட்சியமாகச் சொல்லிக்கொண்டார்கள். லாயத்திலேயே நின்ற குதிரையைப் பற்றி அந்தச் சொற்றொடர் என்ன சொல்லும்? 3,12,000 கிலோமீற்றர் என்பது இந்தக் காரைப் பொறுத்தமட்டில் அது தான் எதற்காகப் பிறந்ததோ அதைச் செய்தது என்பதற்கான அத்தாட்சி. ஆனால் அத்தாட்சி ஒருபோதும் உத்தரவாதம் ஆவதில்லை.

இனி அறியாமை. பழைய கார்ச் சந்தையைப் பற்றி ஜோர்ஜ் ஏகர்லோஃப் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1970இல் எழுதிய கட்டுரை பிரசித்தமானது. சில ஆய்விதழ்கள் அதை அற்பமென்று திருப்பியனுப்பின, 2001இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மோசமான காரை அமெரிக்கர்கள் எலுமிச்சை என்பார்கள். எது எலுமிச்சை என்பது விற்பவனுக்குத் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. எனவே வாங்குபவன் எல்லாவற்றுக்கும் சராசரி விலைதான் தருவான். அந்த விலைக்கு நல்ல காரை யாரும் விற்க வரமாட்டார்கள். நல்லவை விலகவிலக, மிஞ்சுவது எலுமிச்சைகளின் சந்தை. தர்க்கம் கச்சிதமானது. இதற்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன், கி.மு. 44இல், சிசெரோ கடமைகள் பற்றி மகனுக்கு எழுதிய நூலின் மூன்றாம் பாகத்தில் ஒரு வீடு விற்பனைக்கு வருகிறது. மரங்கள் உழுத்த வீடு, படுக்கையறைகளில் பாம்பு வரும் வீடு. குற்றம் சொந்தக்காரனுக்கு மட்டும் தெரியும். சொல்லித்தான் விற்க வேண்டும் என்கிறார் அன்திபாத்தர். டயோஜெனிஸ் (பீப்பாய்க்குள் இருந்தவரல்ல, பாபிலோனியாக்காரர்) சொல்லாமலிருப்பது வேறு, மறைப்பது வேறு, வாங்கச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தவில்லையே என்கிறார். சிசெரோ அன்திபாத்தர் பக்கம்.

இந்த இரண்டு விவாதங்களுக்கும் பொதுவான ஒரு முற்கோள் இருக்கிறது: விற்பவனுக்குத் தெரியும் என்பது. என் காரின் விஷயத்தில் – 'என்' என்று வந்துவிட்டது, இருக்கட்டும் – அது பொருந்தவில்லை. விற்பவர் ஓய்வுபெற்ற ஒரு மனிதர். ஒன்பது வருஷமாக வைத்திருக்கிறார். தான் செய்வித்த வேலைகளின் பற்றுச்சீட்டுகளை ஒரு கோப்பில் அடுக்கி வைத்திருக்கிறார். அவருக்கு முன் மூன்று சொந்தக்காரர்கள். ஒன்ராறியோவில் தனியார் ஒருவர் கார் விற்கும்போது அரசாங்கத்திடமிருந்து பெற்ற தகவல் பொதி ஒன்றை வாங்குபவரிடம் கொடுக்க வேண்டும்; கார் மாகாணத்துக்குள் எப்போது கைமாறியது, அதன்மேல் கடன் பொறுப்பு உண்டா என்பதெல்லாம் அதில் வரும். அந்த முதல் இருபது வருஷத்தில் யார் அதை எப்படி ஓட்டினார்கள், பனியில் வெளியே விட்டார்களா, ஒயில் மாற்றினார்களா என்பது வராது. நான் கேட்டேன். "எனக்குத் தெரியாது" என்றார் அவர். அது வியாபாரியின் "தெரியாது" அல்ல. அவரும் ஒரு காலத்தில் என்னைப்போல ஒரு வாசலில் நின்று, தெரியாமலேயே வாங்கியவர். முப்பது வருஷப் பழைய பொருள் ஒன்றைப் பொறுத்தவரை அறிவு ஒரு பக்கத்திலும் அறியாமை மறுபக்கத்திலும் இல்லை. இருவரும் ஒரே இருட்டில் நிற்கிறார்கள். ஒருவர் கொஞ்சம் அதிக நேரம் நின்றிருக்கிறார்.

ஆகவே இங்கே கைமாறுவது இரகசியமல்ல, யாராலும் முழுக்க அறியப்படாத ஒரு இறந்தகாலம். நான் வாழாத வருஷங்களின் விளைவுகளை என் செலவில் ஏற்றுக்கொள்ளச் சம்மதமா என்பதே கேள்வி. இந்தக் கேள்வியை நாங்கள் எல்லோரும் வேறொரு கேள்வியாக மாற்றிக் கேட்கிறோம். மனைவியும் அப்படித்தான் கேட்டாள்: "இஞ்சாருங்கோ, இது எத்தினை நாளைக்கு ஓடும்?"

எத்தனை நாளைக்கு ஓடும் என்பது மழை வருமா என்பதைப் போன்ற கேள்வி. எதிர்வுகூறலைக் கோருவது. எலிஸபெத் அன்ஸ்கோம்ப் 1957இல் வெளியிட்ட, உத்தேசம் என்பதைப் பற்றிய சிறு நூலின் தொடக்கத்தில் ஒரு வேறுபாட்டைக் கவனப்படுத்துகிறார். எனக்கு வாந்தி வரப்போகிறது என்பதும், நான் நடக்கப்போகிறேன் என்பதும் இலக்கண ரீதியில் ஒன்றுபோலவே எதிர்காலத்தைப் பேசுகின்றன. முதலாவதற்கு ஆதாரம் தேவை. இரண்டாவதற்குத் தேவைப்படுவது ஆதாரமல்ல, செய்வதற்கான காரணம். பழைய கார் இந்த இரண்டுக்கும் நடுவே வந்து நிற்கிறது. அது எவ்வளவு காலம் ஓடும் என்பதில் ஒரு பங்கு உலோகத்தைப் பொறுத்தது. மறுபங்கு, பெரும்பங்கு, நான் என்ன செய்யப்போகிறேன் என்பதைப் பொறுத்தது. என் செய்கையைப் பற்றி நானே எதிர்வுகூறிக்கொண்டிருப்பது ஒரு ஏமாற்று. அங்கே நான் சொல்லக்கூடியது வாக்குறுதி ஒன்றைத்தான்.

இதற்கு மறுக்கமுடியாத உதாரணம் அமெரிக்காவில் லோங் ஐலண்டில் இருந்தது. இர்வ் கோர்டன் என்ற விஞ்ஞான ஆசிரியர் 1966இல் வொல்வோ பி1800எஸ் என்ற விளையாட்டுக் கார் ஒன்றைப் புதிதாக வாங்கினார். 1987இல் அது பத்து லட்சம் மைலைத் தாண்டியது, 2002இல் இருபது லட்சம், 2013 செப்ரெம்பரில் அலாஸ்காவில் வைத்து முப்பது லட்சம். 2018இல் அவர் காலமானார். 1966இல் அந்தக் காரைப் பரிசோதித்த எந்த நிபுணரும் முப்பது லட்சம் என்று சொல்லியிருக்க முடியாது; சொல்லியிருந்தால் அவரைப் பைத்தியக்காரர் என்றிருப்பார்கள். அந்த எண் உருக்கில் ஒளிந்திருந்து பிறகு வெளிப்படவில்லை. நேரத்துக்கு ஒயில் மாற்றிய ஒரு மனிதனின் சலிப்பற்ற செய்கையால் அது கிலோமீற்றர் கிலோமீற்றராக, மன்னிக்கவும், மைல் மைலாக உண்டாக்கப்பட்டது.

ஆனால் எனக்கு இது அமெரிக்காவில் தெரிந்த விஷயமல்ல. 1990இல் யாழ்ப்பாணத்தின் மேல் பொருளாதாரத் தடை இறங்கியபோது எங்கள் தெருக்களில் ஓடிக்கொண்டிருந்தவை 1950களின் ஒஸ்ரின் கேம்பிரிஜ்களும் ஏ40களும் மொறிஸ் மைனர்களும். அப்போதே அவற்றுக்கு முப்பது, நாற்பது வயது. பெற்றோல் வருவது நின்றது. மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது. ஆகவே கொஞ்சம் பெற்றோலை ஒரு சூப்பிப் போத்தலில் வைத்திருந்து, காபரேற்றருக்குள் சில துளி பீச்சி எஞ்சினை எழுப்பி, சூடு பிடித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்தப் பழைய எஞ்சின்களின் அமுக்க விகிதம் தாழ்ந்தது என்பதால்தான் அது சாத்தியமாயிற்று. வெண்புகையும் நாற்றமும் தெருவை நிறைக்கும். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவர் வழியே இறங்கி ஒயிலைத் தண்ணீராக்கிவிடும். எல்லா மெக்கானிக்குகளுக்கும் இது தெரியும். தெரிந்துகொண்டே ஓட்டினார்கள், கழற்றிப் பூட்டினார்கள், மறுபடி ஓட்டினார்கள். நோயாளியும் பிள்ளைத்தாய்ச்சியும் அவற்றில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். எத்தனை நாளைக்கு ஓடும் என்று அக்காலத்தில் யாரும் கேட்டதாக நினைவில்லை. அந்தக் கேள்விக்கு அங்கே அர்த்தமிருக்கவில்லை. ஓட்டவேண்டியிருந்தது, ஆகவே ஓடின.

அதையும் இதையும் ஒப்பிடுவது அநியாயம் என்று ஒருவர் சொல்லலாம், நானே சொல்கிறேன். அது தேவை, இது ஆசை. அங்கே வாக்குறுதி ஒரு சமூகத்தின் கழுத்தில் கட்டப்பட்டிருந்தது. இங்கே கோடைகால மாலையில் கூரையை மடித்துவிட்டு ஏரிக்கரைத் தெருவில் போக விரும்பும் ஒரு நடுவயதுக்காரனின் நப்பாசை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆசையென்று தெரிந்ததும் அதைக் கூண்டிலேற்றும் நம் அவசரத்தின்மேல் எனக்குச் சந்தேகமிருக்கிறது. இந்தப் பணத்தை ஊருக்கு அனுப்பலாமே என்ற குரல் எனக்குள்ளும் கேட்கிறது. அதே குரல், என் உறவினர் ஒருவர் ஏழு வருஷத் தவணையில் புதிய பெரிய வண்டியொன்றை எடுத்து, அதை மாதம் மாதம் கட்டிக்கொண்டு, அதில் தனியாளாக வேலைக்குப் போய்வந்தபோது கேட்கவில்லை. அதற்குப் பெயர் வசதி, பொறுப்பு, குடும்பம். அதன் விலையில் பத்திலொரு பங்குகூட வராத பழைய இரண்டு ஆசனக் கார்தான் நம்மிடையே ஒழுக்கப் பிரச்சினையாகிறது. செலவு அல்ல, மகிழ்ச்சி வெளியே தெரிவதுதான் குற்றம் போலும்.

மனைவியின் இரண்டாவது கேள்வி வலுவானது. "அம்மாவை எங்கை இருத்துறது?" எண்பத்திரண்டு வயதான அம்மா எங்களோடு இருக்கிறா. தரையோடு தரையாய்க் கிடக்கும் அந்த ஆசனத்தில் அவவை இருத்தவோ எழுப்பவோ முடியாது. வீட்டிலிருக்கும் கொரோலா அதற்கு உண்டு என்று பதில் சொன்னேன். பதில் சரி, கேள்வி அதோடு தீரவில்லை. இரண்டு ஆசனம் என்பது மூன்றாவது மனிதரை விலக்குகிற வடிவம். ஒரு பொருளுக்குக் கொடுக்கும் வாக்குறுதி, மனிதர்களுக்கு ஏற்கெனவே கொடுத்துவிட்ட வாக்குறுதிகளின் நேரத்தைத் தின்னும். சனிக்கிழமைகளைத் தின்னும். கார்களைச் சேகரித்து, துணிபோட்டு மூடி, தூசு தட்டி வணங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களது பராமரிப்பு பராமரிப்பல்ல, பூசை. அந்த எல்லை எங்கே இருக்கிறது என்பதை முன்கூட்டிக் கோடு கிழித்துச் சொல்ல எனக்கு இயலவில்லை. மருந்துக்கடைக்குப் போகவேண்டிய ஒரு சனிக்கிழமை வரும்போது தெரியும்.

வாக்குறுதிக்கு இன்னொரு எல்லையும் இருக்கிறது. அதைக் காட்டியவர் கராச் வைத்திருக்கும் ஒரு அண்ணை; ஊரில் மேற்சொன்ன கேம்பிரிஜ்களில் கை கறுத்தவர். காரின் விபரங்களை நான் சொல்லத்தொடங்கியதும் கையைக் காட்டி நிறுத்தினார். "தம்பி, எஞ்சினைப் பற்றி யோசிக்காதேயும். எஞ்சின் மாத்தலாம், கிளச் மாத்தலாம். கீழை பாரும். கறலுக்கு என்ன செய்யப் போறீர்?"

இதில் ஒரு முழுத் தத்துவமே இருக்கிறது. எஞ்சினைப் பொறுத்தவரை இந்தக் கார் தாராளமானது: ரைமிங் பெல்ற் அறுந்தாலும் பிஸ்ரன்கள் வால்வுகளில் மோதாது, கார் தெருவோரத்தில் நின்றுவிடும், அவ்வளவுதான். போர்ஷே 944இல் அதே பெல்ற் அறுந்தால் வால்வுகள் வளைந்து எஞ்சின் நாசமாகும். 2016ஆம் ஆண்டுக்குள் இந்த வகைக் கார் பத்து லட்சம் செய்யப்பட்டுவிட்டதால் உதிரிப்பாகத்துக்கும் பஞ்சமில்லை. 2017இல், முதல் தலைமுறைக் கார்களை ஜப்பானில் புதுப்பித்துக் கொடுக்கும் திட்டமொன்றை அறிவித்து, நின்றுபோன பாகங்கள் சிலவற்றை மஸ்டாவே மறுபடி செய்யத்தொடங்கியது. பலகை பலகையாக மாற்றப்பட்ட தீசியஸின் கப்பல் அதே கப்பல்தானா என்று கேட்ட கிரேக்கர்களுக்கு இந்தக் காரில் பாதிவரைக்கும் வேலையிருக்கிறது. மீதிப் பாதியில் இல்லை. ஏனெனில் இதற்குத் தனியாகக் கழற்றக்கூடிய அடிச்சட்டம் கிடையாது, உடலே சட்டம். கூரையில்லாத காரில் பாரத்தின் பெரும்பங்கைச் சுமப்பது கதவுகளின் கீழே முன்சில்லுக்கும் பின்சில்லுக்குமிடையே பெட்டிபோல ஓடும் தகடு. துணிக்கூரையில் விழும் மழைநீர் இரண்டு பக்கத்து வடிகுழாய்களால் இறங்கிப் போகவேண்டும். அவை இலைத்தூளால் அடைபட்டால் நீர் அந்தப் பெட்டிக்குள் தேங்கும். வெளியே பனிக்காலத் தெருவில் கொட்டிய உப்பு, உள்ளே தேங்கிய நீர். தகடு உள்ளிருந்து வெளியே அரிக்கப்படும். மேலே வர்ணம் பளபளத்துக்கொண்டிருக்கும். ஓரளவு வெட்டி ஒட்டலாம். அரிப்பு அதைத் தாண்டி உட்சுவருக்கும் நீள்சட்டங்களுக்கும் போய்விட்டால், அந்தக் காரை ஓட்டிக் காட்டுவேன் என்பது வாக்குறுதியல்ல, பிடிவாதம். பக்கத்து ஆசனத்தில் இருப்பவரின் உயிரை வைத்துப் பிடிக்கும் பிடிவாதம்.

ஆகவே அறிவு தேவையில்லை என்று நான் சொல்லவரவில்லை. எதிர்காலத்தைச் சொல்லும் அறிவு வேண்டாம். வாக்குறுதியை ஏற்றுவைக்க அங்கே போதிய இரும்பு மிஞ்சியிருக்கிறதா என்று சொல்லும் அறிவு போதும். முன்பலகை இலக்கத்துக்கு இதில் எந்தப் பங்குமில்லை. இரண்டு வாரமாக அதையே பார்த்துக்கொண்டிருந்தோம், விற்பவரும் நானும்.

வாக்குறுதி என்றால் யாருக்கு என்று ஒரு நண்பர் கேட்டார். காருக்கு வாக்குக் கொடுக்க முடியாது, அது கேட்காது. அந்த வகை உருக்கம் எனக்குப் பிடிப்பதுமில்லை. அதில் ஏறி இருப்பவருக்கு. பிறகு, எனக்கு அடுத்தபடியாக வாங்குபவருக்கு. சிசெரோவின் வீட்டுக்காரன் நாளைக்கு நான்தான். அந்த ஓய்வுபெற்ற மனிதர் தன் ஒன்பது வருஷத்தைக் கோப்பில் அடுக்கிக் கொடுத்ததுபோல என் வருஷங்களையும் அதன் பின்னால் அடுக்கவேண்டும். எந்தத் தகட்டை எப்போது வெட்டி ஒட்டினோம் என்பதை, விலை குறையுமென்று தெரிந்தாலும், எழுதிவைக்க வேண்டும். முதல் இருபது வருஷம் இருட்டாகவே இருக்கும். அதன் பிறகாவது வெளிச்சம் தொடர்ந்து வரும். இதற்குச் சம்மதமா என்று என்னைக் கேட்டுக்கொண்டேன். சம்மதம் என்றே படுகிறது. மனைவி இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. அம்மா மட்டும் படத்தைப் பார்த்து, எழும்பி நிற்கும் விளக்குகள் தவளைக் கண்போல இருக்கிறதென்று சொன்னா.

வெள்ளிக்கிழமை காரைக் கராச்சுக்குக் கொண்டுவர விற்பவர் உடன்பட்டிருக்கிறார். மேலே தூக்கி, அண்ணை ஒரு சின்னச் சுத்தியலால் கதவின் கீழ்த்தகட்டைப் பின்சில்லுப் பக்கமிருந்து தட்டிக்கொண்டு வருவார். நல்ல தகடு கணீரென்னும், கறல் தின்ற தகடு பொத்தென்னும். பின்சில்லை ஒட்டிய ஒரு சாண் மட்டும் பொத்தென்றால் ஒட்டுவேலைக்கான பணத்தை விலையில் குறைக்கும்படி கேட்பேன். அதைத் தாண்டியும் அந்தச் சத்தம் வந்தால், விற்பவருக்கு ஒரு கோப்பி வாங்கிக்கொடுத்து அனுப்பிவிட்டு, பஸ்ஸில் வீட்டுக்கு வருவேன்.